வீட்டு வாடகையைத் திடீரென ஏற்றினால் என்ன செய்யலாம்? கடலூர் வாடகைதாரர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

"அடுத்த மாசத்துலேர்ந்து பதினோராயிரம் குடுத்துடுங்க. முடியலன்னா சொல்லுங்க, வேற ஆளு ரெடியா இருக்காங்க."

7,500 ரூபாய் கொடுத்துக்கொண்டிருக்கும் குடும்பத்திடம் வீட்டுக்காரர் இப்படிச் சொன்னால் அது ஒரே தாவலில் ஏறக்குறைய 47 சதவீத உயர்வு. பிள்ளைகள் மஞ்சக்குப்பத்தில் படிக்கிறார்கள், வேலை சிப்காட்டிலோ பாண்டியிலோ இருக்கிறது, கையில் அட்வான்ஸுக்குப் பணம் இல்லை. பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். வாயை மூடிக்கொண்டு கொடுத்துவிடுகிறார்கள், அல்லது கோபத்தில் சண்டை போட்டு வாடகையையே நிறுத்திவிடுகிறார்கள். இரண்டுமே வாடகைதாரருக்குத்தான் நஷ்டம். நடுவில் சட்டம் காட்டும் வழி ஒன்று இருக்கிறது. அதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை எடுத்துப்போட வேண்டும். "வருஷத்துக்கு அஞ்சு பர்சன்ட்தான் ஏத்தணும், அது சட்டம்" என்று டீக்கடையிலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குழு வரை சொல்வார்கள். சிலர் பத்து சதவீதம் என்பார்கள். தமிழ்நாட்டில் வாடகை உயர்வுக்கு அப்படி ஒரு சதவீத வரம்பைச் சட்டம் வைக்கவில்லை. 5, 10 என்பதெல்லாம் ஒப்பந்தம் எழுதும்போது வழக்கத்தில் போடும் எண்கள். உங்கள் ஒப்பந்தத்தில் அந்த எண் எழுதியிருந்தால் அது உங்களைக் காப்பாற்றும். எழுதியிருக்கவில்லை என்றால் டீக்கடைச் சட்டத்தை வைத்துக்கொண்டு வாதாட முடியாது.

அப்படியென்றால் வீட்டுக்காரர் வைத்ததுதான் விலையா? இல்லை. எவ்வளவு உயர்த்தலாம் என்பதை அளந்து கட்டுப்படுத்தாத சட்டம், எப்போது உயர்த்தலாம், எந்த வழியில் உயர்த்தலாம் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. உங்கள் பலம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

எந்தச் சட்டம்?

நம் தாத்தா காலத்துக் கதைகளில் வரும் சட்டம் 1960-ஆம் ஆண்டின் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதில் 'நியாய வாடகை' என்று ஒரு கணக்கு இருந்தது. நிலம், கட்டடம் ஆகியவற்றின் மதிப்பைப் போட்டு, குடியிருப்பு என்றால் அதில் ஆண்டுக்கு 9 சதவீதம், கடை என்றால் 12 சதவீதம் என்று வாடகையை நிர்ணயிப்பார்கள். வாடகைதாரரை வெளியேற்றுவதும் அவ்வளவு சுலபமில்லை. ஒரே வீட்டில் முப்பது நாற்பது வருடம் இருந்தவர்களின் கதைகள் அந்தக் காலத்தவை.

அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2017-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 22 பிப்ரவரி 2019 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் அது. குடியிருக்கும் வீட்டுக்கும், லாரன்ஸ் ரோட்டிலும் இம்பீரியல் ரோட்டிலும் இருப்பது போன்ற கடைகளுக்கும் இது பொருந்தும். அரசுக் கட்டடங்களுக்குப் பொருந்தாது. கோயில் இடங்களுக்கும் வக்ஃபு இடங்களுக்கும் தனிச் சட்டங்கள் இருக்கின்றன. திருப்பாதிரிப்புலியூர் பக்கம் கோயில் மனையில் குடியிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அறநிலையத் துறையிடம் போய் இந்தச் சட்டத்தைச் சொல்ல வேண்டாம்.

புதிய சட்டத்தின் அடிப்படை ஒரே வரியில் அடங்கும்: வாடகை என்பது இரண்டு பேர் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தப்படி. உயர்வும் அதே ஒப்பந்தப்படிதான். ஒப்பந்தக் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதில் எழுதாத உயர்வை நடுவில் திணிக்க வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. நவம்பர் வரை ஒப்பந்தம் இருக்கும்போது ஜூலையில் "பெட்ரோல் விலை ஏறிப்போச்சு, பக்கத்து வீட்டுல பன்னெண்டாயிரம் வாங்குறாங்க" என்று கேட்டால், நவம்பர் வரை பழைய வாடகைதான் என்று நீங்கள் மரியாதையாகச் சொல்லலாம். அது சட்டம் உங்களுக்குக் கொடுத்த இடம்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. வீட்டில் ஏதாவது மேம்பாட்டு வேலை, அதாவது புதிதாக ஓர் அறை எடுப்பது போல, செய்வதென்று இருவரும் பேசி ஒப்புக்கொண்டால், வேலை முடிந்தபின் ஒப்புக்கொண்ட அளவுக்கு வாடகை ஏறலாம். மழையில் ஒழுகும் தளத்தைப் பூசுவது இதில் சேராது. அது பழுதுபார்ப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய அது வீட்டுக்காரரின் கடமை. பெண்ணையாறும் கெடிலமும் பெருக்கெடுத்துத் தண்ணீர் புகுந்த வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டு "செலவு பண்ணிட்டேன், ரெண்டாயிரம் சேத்துக் குடுங்க" என்று கேட்பது இந்த ஊரில் நடக்கிற விஷயம். அதற்கு நீங்கள் தலையாட்ட வேண்டியதில்லை.

பதினோரு மாத ஒப்பந்தம்

ஏன் எல்லாரும் 11 மாதம் என்றே எழுதுகிறார்கள்? 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அதைத் தவிர்க்க வந்த வழக்கம் இது. ஆனால் "பதினோரு மாசம்தானே, எங்கேயும் பதிய வேண்டியதில்லை" என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2017 சட்டம் காலத்தைப் பார்ப்பதில்லை. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். இந்த அமைப்பு பெரிய ஏற்பாடு எதுவும் இல்லை. துணை ஆட்சியர் நிலையில் உள்ள ஓர் அதிகாரியை மாவட்ட ஆட்சியர் இதற்கென நியமிக்கிறார். தமிழ்நாடு அரசின் வாடகைப் பதிவு இணையதளத்திலேயே விண்ணப்பித்து ஒரு பதிவெண் வாங்கிவிடலாம். வீட்டுக்காரர் வர மறுத்தால் வாடகைதாரர் தன் பங்குக்குத் தனியாகவும் தெரிவிக்கலாம்.

பதிவெண் இருப்பதில் என்ன லாபம் என்றால், நாளைக்குத் தகராறு வரும்போது "இந்தக் கையெழுத்தே என்னுடையது இல்லை", "வாடகை அவ்வளவு இல்லை" என்ற பேச்சுக்கு இடமிருக்காது. வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, எந்தத் தேதி வரை என்ற மூன்றும் அரசிடம் பதிவாகியிருக்கும். வருமான வரிக் கணக்கில் வாடகை தெரிந்துவிடுமே என்று சில வீட்டுக்காரர்கள் தயங்குவார்கள். அது அவர்கள் கவலை. உங்கள் பாதுகாப்பை அதற்காக விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் கண்ணை வைக்க வேண்டிய வரி ஒன்றுதான், அது பெரும்பாலும் இரண்டாம் பக்கத்தின் அடியில் இருக்கும். முத்திரைத் தாள் விற்கும் இடத்தில், கணினியில் ஏற்கெனவே தட்டி வைத்திருக்கும் மாதிரியில் பெயரை மட்டும் மாற்றி எடுத்துத் தருவார்கள். அதில் "ஒப்பந்தக் காலம் முடிந்து புதுப்பிக்கும்போது அப்போதைய நிலவரப்படி வாடகையை உயர்த்திக்கொள்ள வேண்டியது" என்று ஒரு வரி இருக்கும். படித்தால் சாதாரணமாகத்தான் தெரியும். ஆனால் நிலவரம் என்ன என்பதை யார் சொல்வது? வீட்டுக்காரர்தான். 7,500-ஐப் பதினோராயிரம் ஆக்குவதற்கான கதவு இந்த ஒரு வரியில் திறந்து கிடக்கிறது.

கையெழுத்துப் போடும் முன் அதை இப்படி மாற்றச் சொல்லுங்கள்: "ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது அப்போதுள்ள மாத வாடகையில் 5 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது, உயர்வு 12 மாதங்களுக்கு ஒரு முறைக்கு மேல் இருக்கக் கூடாது." பன்னிரண்டு மாதம் என்று தனியாகப் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பதினோரு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பித்தால், பதினோரு வருடத்தில் பன்னிரண்டு முறை வாடகை ஏறியிருக்கும். சதவீதத்தையும் சும்மா விடாதீர்கள். 7,500 ரூபாய் பத்து பத்து சதவீதமாக ஏறினால் 8,250, அப்புறம் 9,075, மூன்றாவது முறை 9,982. ஒவ்வொரு முறையும் சின்னத் தொகையாகத்தான் தெரியும், மூன்று புதுப்பித்தலில் மூன்றில் ஒரு பங்கு ஏறிவிட்டது. ஐந்து சதவீதம் என்றால் மூன்றாவது முறை 8,682-இல் நிற்கும். சாவியை வாங்குவதற்கு முன்னால், வீடு காலியாக இருக்கும்போதுதான் வீட்டுக்காரர் இதற்கெல்லாம் இறங்கி வருவார். பேரம் பேச அதைவிட நல்ல நேரம் அப்புறம் கிடைக்காது.

அட்வான்ஸ் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது சட்டம், ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதி ஒப்புக்கொண்டால் அது செல்லும் என்று ஓர் ஓட்டையும் வைத்திருக்கிறது. இந்த ஓட்டையை அடைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து, ஏனென்றால் வீடு தேடி அலைகிறவரால் "மூன்று மாதம்தான் தருவேன்" என்று பிடிவாதம் பிடிக்க முடிவதில்லை. வாடகையை ஏற்றும்போது "அட்வான்ஸையும் அதுக்கேத்த மாதிரி ஏத்திக் குடுங்க" என்பார்கள். அதையும் உயர்வின் ஒரு பகுதியாகவே பேசுங்கள்.

உயர்வு கேட்டு வந்தால்

முதலில் ஒப்பந்தத்தை எடுத்துத் தேதியைப் பாருங்கள். காலம் மிச்சம் இருந்தால் பதிலை எழுத்தில் அனுப்புங்கள், வாட்ஸ்அப் போதும். சண்டைத் தொனி வேண்டாம். இப்படி அனுப்பலாம்:

"வணக்கம் அண்ணா. நம்ம ஒப்பந்தம் நவம்பர் 30 வரைக்கும் இருக்கு. அதுவரைக்கும் 7,500 ரூபாயை வழக்கம் போல 5-ஆம் தேதிக்குள்ள உங்க கணக்குல போட்டுடறேன். புதுப்பிக்கும்போது வாடகை பத்தி உக்காந்து பேசிக்கலாம். 8,200 வரைக்கும் என்னால முடியும்."

இந்தச் செய்தியில் முக்கியமான இரண்டு வேலைகள் நடக்கின்றன. காலம் முடியும் வரை பழைய வாடகைதான் என்று பதிவாகிறது. நீங்கள் உயர்வே கூடாது என்று அடம்பிடிக்கவில்லை, நியாயமாகப் பேசத் தயார் என்பதும் பதிவாகிறது. கடலூரில் வீடு வாடகைக்கு விடுகிறவர்களில் பலர் ஓய்வு பெற்றவர்கள், மேல்மாடியில் குடியிருந்துகொண்டு கீழ் வீட்டு வாடகையில் மருந்துச் செலவைப் பார்த்துக்கொள்கிறவர்கள். அவர்கள் உயர்வு கேட்பது தவறில்லை. 700 ரூபாய் கேட்பதற்கும் 3,500 ரூபாய் கேட்டு மிரட்டுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் நம் பிரச்சினை.

வாடகையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்து, கேட்டு நோட்டீஸ் கொடுத்தும் ஒரு மாதத்துக்குள் வட்டியோடு கட்டவில்லை என்றால், வீட்டைத் திரும்பக் கேட்டு வாடகை நீதிமன்றத்துக்குப் போக வீட்டுக்காரருக்கு வழி பிறந்துவிடுகிறது. நியாயம் உங்கள் பக்கம் இருந்த வழக்கு அந்த நிமிடமே கைமாறிவிடும். அவர் பழைய வாடகையை வாங்க மறுக்கிறாரா? வங்கிக் கணக்கில் போடுங்கள், ஜிபேயில் அனுப்பும்போது குறிப்பில் 'ஜூன் மாத வாடகை' என்று எழுதுங்கள். கணக்கை மூடிவிட்டார், எண்ணைத் தடுத்துவிட்டார் என்றால் மணியார்டர் அனுப்பி, திரும்பி வந்த சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் பிறகு வாடகை அதிகார அமைப்பிடமே வாடகையைச் செலுத்தச் சட்டத்தில் ஏற்பாடு இருக்கிறது.

எதிர்ப்பக்கமும் ஓர் எச்சரிக்கை. "சரி, இந்த ஒரு மாசம் குடுத்துடுவோம், அப்புறம் பேசிக்கலாம்" என்று புதிய தொகையைப் போட்டுவிடாதீர்கள். நீங்கள் உயர்வை ஒப்புக்கொண்டதற்கு அந்த ஒரு பரிமாற்றமே சாட்சியாகக் காட்டப்படும்.

பேசியும் முடிவுக்கு வரவில்லை என்றால், வாடகை உயர்வுத் தகராறை இருவரில் யார் வேண்டுமானாலும் வாடகை அதிகார அமைப்பிடம் கொண்டுபோகலாம். வாடகையை நிர்ணயிக்கவும், அது எந்தத் தேதியிலிருந்து என்று சொல்லவும் அதற்கு அதிகாரம் உண்டு. மனுவோடு ஒப்பந்தம், பதிவெண், வாடகை கட்டிய வங்கிக் கணக்கு விவரம், செய்திகளின் நகல், அதே தெருவில் அதே அளவு வீடு என்ன வாடகைக்குப் போகிறது என்பதற்கான விவரம் ஆகியவற்றை வைத்தால் பேச்சு காற்றில் போகாது.

இனி மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று. ஒப்பந்தக் காலம் முடிந்தபின் உங்கள் பிடி தளர்ந்துவிடுகிறது. காலம் முடிந்தும் புதுப்பிக்காமல் நீங்கள் தொடர்ந்து இருந்தால், அதே நிபந்தனைகளில் மாதாமாதம் நீள்வதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும், அதிகபட்சம் ஆறு மாதத்துக்கு. வாடகையில் ஒத்துப்போகவில்லை என்பதே வீட்டைத் திரும்பக் கேட்க ஒரு காரணமாகவும் சட்டத்தில் இருக்கிறது. ஆகவே அந்த ஆறு மாதத்தை வீடு தேடவும் பேரம் பேசவும் கிடைத்த அவகாசமாகப் பாருங்கள், நிரந்தரமாக உட்கார்ந்துவிடலாம் என்று நம்பாதீர்கள். எழுத்து ஒப்பந்தமே இல்லாமல் வாய்ப்பேச்சில் குடியிருப்பவர்கள் நிலை இன்னும் மோசம். இருவருக்கும் இடையே எழுத்து ஒப்பந்தம் போடப்படவில்லை என்பதும் வெளியேற்றக் கேட்கும் காரணங்களில் ஒன்று. இன்றைக்கு நல்ல உறவில் இருக்கும்போதே, இன்றைய வாடகையைப் போட்டு ஒரு ஒப்பந்தம் எழுதிவிடச் சொல்லுங்கள்.

ஆனால் எந்த நிலையிலும் வீட்டுக்காரர் தானாக உங்களை வெளியேற்ற முடியாது. வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும். நீங்கள் ஊருக்குப் போயிருக்கும்போது பூட்டை மாற்றுவது, மோட்டார் போடாமல் தண்ணீரை நிறுத்துவது, ஃப்யூஸைப் பிடுங்குவது எல்லாம் சட்டத்துக்கு எதிரானவை. தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, கழிப்பறை வசதி, வண்டி நிறுத்துமிடம் போன்றவற்றை நிறுத்தினால் வாடகை அதிகார அமைப்பிடம் மனு கொடுங்கள். விசாரணை முடியும் வரை காத்திருக்காமல், உடனே திரும்பக் கொடுக்கும்படி இடைக்கால உத்தரவு போட அதற்கு முடியும். மிரட்டல், சாமானைத் தூக்கி வெளியே போடுவது என்று போனால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். "இது சிவில் மேட்டர், நீங்களே பேசித் தீத்துக்குங்க" என்பார்கள். வாடகை எவ்வளவு என்பதுதான் சிவில் விவகாரம், மிரட்டலும் அத்துமீறலும் அப்படியல்ல என்று நின்று சொல்லுங்கள்.

வாடகையை ஏற்றாமலே ஏற்றும் ஒரு வழியும் இருக்கிறது. மாத வாடகை அதே 7,500. ஆனால் கரன்ட்டுக்கு யூனிட்டுக்கு 10 ரூபாய், தண்ணீருக்கு 300, 'மெயின்டெனன்ஸ்' 500. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை கட்டணமில்லை, அதன்பின் படிப்படியாகக் கட்டணம் ஏறும். உங்களுக்கெனத் தனி இணைப்பு இருந்தால் மின்வாரியத்தின் பில்லில் இருப்பதை மட்டும் கட்டுகிறேன் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்காரரின் இணைப்பிலிருந்து பிரித்துத் தரும் உள்மீட்டர் என்றால் யூனிட்டுக்கு எவ்வளவு என்று எண்ணைப் போடச் சொல்லுங்கள். எழுதாத கட்டணம் எதுவும் அடுத்த வருடம் ஏறாமல் இருக்காது.

எல்லையைத் தாண்டினால்

பாண்டியில் வேலை பார்த்துக்கொண்டு கடலூரில் குடியிருப்பவர்களும், அரியாங்குப்பம், கிருமாம்பாக்கம் பக்கம் வீடு எடுத்துக்கொண்டு இங்கே வேலைக்கு வருகிறவர்களும் நிறையப் பேர். எந்தச் சட்டம் என்பதை வீடு இருக்கும் இடம்தான் தீர்மானிக்கும். முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரி மண்ணில் வீடு இருந்தால் மேலே சொன்ன 2017 சட்டம் பொருந்தாது. 1969-இல் வந்த புதுச்சேரி கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய தமிழ்நாட்டுச் சட்டத்தின் சாயலில் அமைந்தது: நியாய வாடகையை நிர்ணயிக்கச் சொல்லிக் கட்டுப்பாட்டாளரிடம் மனு செய்வது, குறிப்பிட்ட காரணங்களைக் காட்டினால்தான் வெளியேற்றக் கேட்க முடியும் என்பது எல்லாம் அந்த வழியில் வருபவை. அங்கே வீடு இருந்தால் கடலூர் நண்பர் சொன்ன யோசனையை வைத்து நடக்காமல், புதுச்சேரியில் வழக்கு நடத்தும் வக்கீலைக் கேளுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று யாரும் ஒதுங்க வேண்டாம். இரண்டு ஊரிலும் நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, மற்றவர்களுக்கு வருமானம் குறைவாக இருந்தால் உண்டு. ஒப்பந்தம் மனைவி பெயரில் இருந்தால் அவர் பெயரிலேயே மனு கொடுக்கலாம். 15100 என்ற எண்ணுக்கு அழைத்தும் கேட்கலாம். போகும்போது அசல் ஒப்பந்தத்தைக் கொடுத்துவிடாமல் ஜெராக்ஸை மட்டும் கொடுங்கள், கொடுத்த மனுவின் இன்னொரு படியில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.